புனைமொழியில் சொற்பிறப்பு: டோல்கீனின் எல்ஃப் மொழிகளை முன்வைத்து

புனைமொழிக்குச் சொற்களை ஆக்குவதினும் அவற்றுக்குப் பிறப்பு வரலாறு அமைப்பது அரிது. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன் (1892–1973), தம் கதையுலகின் எல்ஃப் இனத்தார்க்கெனப் படைத்த குவென்யா, சிந்தாரின் ஆகிய மொழிகள் இவ்வகையில் ஆராயத்தக்கன.

இவ்விரண்டும் ஒரு மூலமொழியிலிருந்து கிளைத்தனவாகப் புனையப்பட்டுள்ளன. ஆதலின் சொற்கள் தனித்தனியே அன்றி இணை இணையாகவே தோன்றுகின்றன. 'சொல்' என்னும் பொருளில் குவென்யாவில் 'குவெத்தா', சிந்தாரினில் 'பெத்'. மூடிய கையைக் குறிக்க முறையே 'குவாரே', 'பௌர்'. மொழிமுதல் 'க்வ' ஒலி ஒன்றில் நிலைத்து, மற்றொன்றில் பகரமாகிறது. லத்தீனில் நான்கைக் குறிக்கும் 'குவாத்துவோர்', வேல்ஸ் மொழியில் 'பெட்வார்' என வருவதும் இத்தகையதே. தமிழின் 'பால்', 'பல்' என்பன கன்னடத்தில் 'ஹாலு', 'ஹல்லு' என வரும் ஒழுங்கை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று.

எனினும், ஒலியொழுங்கு மட்டுமே ஒரு மொழியை உயிருள்ளதாக்கிவிடாது. இயற்கை மொழிகளில் பிழைக்கும் இடமுண்டு. டோல்கீன் அதனையும் புனைந்தார். கலாத்ரியேல் என்னும் பெயரின் முற்பகுதி ஒளியைக் குறிப்பது. மரத்தைக் குறிக்கும் 'கலத்' என்னும் சொல்லோடு அதனை மயங்கி, பெயரையே திரித்து வழங்கியோரும் இருந்தனர் என அவர் எழுதினார். மக்கள் வழக்கிலெழும் பொய்ச் சொற்பிறப்பும் இங்ஙனம் மொழிவரலாற்றின் பகுதியாயிற்று.

ஆனால், இவ்வொழுங்கும் பிழையும் ஆசிரியரின் விருப்பத்துக்கு உட்பட்டவையே. அவ்விருப்பம் தோற்ற இடமே முதன்மையான சான்று. 'எல்ரோஸ்' என்னும் பெயரிலுள்ள 'ரோஸ்' (நுரை) என்பதை மனிதக் குடியொன்றின் மொழிக்குரியதாக்கிப் பிற்காலத்தில் ஒரு கட்டுரை வரைந்தார். 'கைர் ஆண்ட்ரோஸ்' என்னும் தீவின் பெயரில் அதே சொல் அதே பொருளில் சிந்தாரினாக முன்னரே அச்சேறியிருந்ததைப் பின்னர்க் கண்டு, அவ்விளக்கத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டார். அச்சேறாத சொற்களையோ இறுதிவரை மாற்றிக்கொண்டேயிருந்தார்.

எனவே புனைமொழியின் மெய்ம்மையை அதன் ஒலிவிதிகளின் செம்மை கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. வாசகர் கைக்குச் சென்ற சொல், படைத்தவருக்கும் கட்டுப்படாத வழக்காகிவிடுகிறது. அந்நிலையில் அதன் வரலாற்றை அவர் விதிக்க இயலாது. ஆராய்ந்தே அறிய வேண்டும். இயற்கை மொழியின் சொல்லாய்வாளரும் புனைமொழியின் ஆசிரியரும் ஒரே நிலையில் நிற்பது அப்போதுதான்.