புதுப்புளி

மார்ச்சில் ஆந்திர எல்லையோர நாகலாபுரம் வேதநாராயணப் பெருமாள் கோயிலில் சூரிய பூஜை நடக்கிற பருவத்தில், வீட்டுத் திண்ணைகளில் புதுப்புளி வந்து குவிந்துவிடும். வெயிலில் காய்ந்த ஓடு, விரல் அழுத்தியதும் பொடுக்கென்று உடையும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். அடுத்து நார். காம்புப் பக்கம் பிடித்து நிதானமாக இழுத்தால் முழுசாக வந்துவிடும். அவசரப்பட்டால் அறுந்து சதைக்குள்ளேயே தங்கிவிடும். கொட்டை எடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. பாட்டி அரிவாள்மணையில் புளியை நீளவாக்கில் கீறி, பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளுவார். பளபளவென்று கொட்டை முறத்தில் தெறிக்கும், சதை துளியும் சிதையாது. பேச்சு தமிழுக்கும் தெலுங்குக்கும் மாறி மாறிப் போகும், கை மட்டும் நிற்காது. விரலிடுக்கெல்லாம் பிசுபிசுப்பு, நகக்கண்ணில் லேசான எரிச்சல், திண்ணை முழுக்க இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசம். கடைசியில் கல்லுப்பு தூவி, உருட்டி, பானையில் அழுத்தி அடைப்பார்கள்.

போன வருஷத்துப் புளி கறுத்துப்போயிருக்கும். புதுசு இன்னும் செம்பழுப்பு. ரசத்தில் அந்த வித்தியாசம் நாக்குக்கு உடனே தெரியும். உகாதிப் பச்சடிக்கும் புதுப்புளியைத்தான் கரைப்பார்கள், வேப்பம்பூ, வெல்லம், மாங்காயோடு.