கம்பத்தின் அடியில் ஒரு கனம்

2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தில் எத்தனையோ வண்டிகள் வெடித்துச் சிதறுகின்றன. எனக்கு அவற்றைவிடப் பெரிய அற்புதம், ஓடும் வண்டிகளில் நட்ட உயரமான கம்பங்கள். நுனியில் ஆளோடு அவை அப்படியும் இப்படியும் சாய்ந்து, எதிரி வண்டிக்கு மேல் தாழ்ந்து மீள்கின்றன. கணினியில்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்றே இயக்குநர் ஜார்ஜ் மில்லர் முதலில் எண்ணினார். சண்டை அமைப்பாளர் கை நோரிஸின் குழு கம்பத்தின் அடியில் எதிர் எடையைப் பொருத்தியது. கிணற்று ஏற்றத்தில் கல் கட்டும் அதே கணக்கு! நமீபியப் பாலைவனத்தில் வண்டியும் ஓடியது, ஆளும் ஆடினார்.

கணினி வேலை கலந்த ஷாட்டுகள் ஏறக்குறைய 2,000 இருக்கும்போது இதில் நிஜம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாதுகாப்புக் கயிற்றை அழிப்பதும் வானத்தின் நிறத்தை மாற்றுவதும் நடந்ததன் மேல் பூசும் பூச்சு. கம்பம் திரும்பும்போது உடம்பு ஒரு கணம் பிந்தி வருகிறதே, அந்தக் கனத்தைப் பூச்சு தராது. படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்செல் சுமார் 480 மணி நேரப் பதிவைச் சலித்து, இரண்டு மணி நேரப் படமாக்கி ஆஸ்கர் வென்றார். முக்கியமானது பெரும்பாலும் திரையின் நடுவிலேயே நிற்பதால், வெட்டுகள் எவ்வளவு விரைந்தாலும் ஆடும் ஆளைக் கண் தவறவிடுவதில்லை.