ஒரு மன்னிப்பின் அளவு

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு விளம்பரத்தை அளந்து பார்த்தது. பொய்யான மருத்துவ விளம்பர வழக்கில் பதஞ்சலி நிறுவனம், 67 நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னது. உங்கள் வழக்கமான விளம்பரம் வருகிற அளவிலா இதுவும் வந்தது என்று நீதிபதிகள் ஹிமா கோலியும் அசானுதீன் அமானுல்லாவும் கேட்டார்கள். பெரிதாக்கிய நகல் வேண்டாம், பத்திரிகையில் வெட்டிய துண்டையே கொண்டுவாருங்கள் என்றார்கள். மறுநாளே முந்தையதைவிடப் பெரிய மன்னிப்பு அச்சேறியது.

அச்சு விளம்பரத்தின் பலம் இந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்கிறது. அதற்குத் தேதி உண்டு, பக்க எண் உண்டு, அளவு உண்டு. நான் பார்த்ததைத்தான் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்திருப்பார். அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர் இதழிலேயே இருக்க வேண்டும் என்பது 1867இன் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு. கைப்பேசியில் எனக்கு வரும் விளம்பரம் என் மனைவிக்கு வராது. நாளை எனக்கே வராது. மெட்டாவும் கூகுளும் விளம்பரத் தொகுப்புகள் வைத்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டகத்தின் சாவி விளம்பரம் விற்றவரிடமே இருக்கிறது.

இதே வழக்கு மறுபக்கத்தையும் காட்டுகிறது. 2022இல் இந்திய மருத்துவச் சங்கம் நீதிமன்றப் படியேறக் காரணமாக இருந்ததே நாளிதழில் வந்த அரைப்பக்க விளம்பரம். காசு வாங்கிக்கொண்டு அதைப் போட்டது பத்திரிகைதான். உள்பக்கத்தில் மருத்துவர் எழுதும் நலவாழ்வுப் பத்தி, பின்பக்கத்தில் சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கும் லேகியம் என்று எத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறோம்! ஆசிரியர் பிரிவும் விளம்பரப் பிரிவும் தனித்தனி என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தடுப்புச் சுவர் பல நேரங்களில் தெரியாததுபோல் இருப்பதற்குத்தான் பயன்பட்டது.

பணம் எங்கே போனது என்ற கதை பழையது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005 வாக்கில் சுமார் 4,900 கோடி டாலர். 2022இல் அது 1,000 கோடிக்கும் கீழே. முதலில் கழன்றது வரி விளம்பரம். அங்கே கிரெய்க்ஸ்லிஸ்ட் அதை இலவசமாகவே தந்தது. இங்கே மணமகன் தேவை, மணமகள் தேவை எல்லாம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி போன்ற தளங்களுக்கும், வேலைவாய்ப்பு நௌக்ரிக்கும், வாடகை வீடு வேறு தளங்களுக்கும் போயின.

இந்த இழப்பைப் பணக் கணக்காக மட்டும் பார்ப்பது தவறு என்பது என் கருத்து. மூன்று வரி விளம்பரம் கொடுத்த தையல்கடைக்காரரும் பழைய ஸ்கூட்டரை விற்றவரும் ஆசிரியரைத் தொலைபேசியில் மிரட்ட முடியாது. ஆயிரம் சிறுகைகள் போய், இப்போது பத்திரிகையைத் தாங்குவது நகைக்கடை, பட்டுச் சேலைக்கடை, அடுக்குமாடி, பொறியியல் கல்லூரி, எல்லாவற்றுக்கும் மேல் அரசு. கை குறையக் குறைய ஒவ்வொரு கையின் பிடியும் இறுகும். 2019இல் ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் இரண்டு நாளிதழ்களுக்கு விளம்பரத்தை நிறுத்தியபோது ஸ்ரீநகர்ப் பத்திரிகைகள் முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு எதிர்ப்புத் தெரிவித்தன. ஒரே விளம்பரதாரரை நம்பியிருப்பதன் விலை அந்த வெள்ளைப் பக்கம். நம் ஊரில் இன்னும் மென்மையாக நடக்கும்: செய்தியே வராது, அவ்வளவுதான்.

போட்டிக்காகக் கைப்பேசியைப்போல நடிக்கிற முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2010 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்துக்காக நாளிதழின் பக்கத்தில் ஒரு சில்லை ஒட்டினார்கள். பக்கத்தைப் பிரித்தால் அது பேசியது. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசியது, பிறகு மறந்தது. இப்போது கியூஆர் கட்டம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று துல்லியமாக எண்ணுவதில் திரையோடு காகிதம் மல்லுக்கட்ட முடியாது. தலைப்புச் செய்தியை மூடிக்கொண்டு வரும் ஜாக்கெட் விளம்பரமோ, வாங்கியவரின் பொறுமையையே விற்கிறது.

காகிதத்துக்கென்று மிச்சமிருப்பது ஊரறியச் சொல்லும் வேலை. கண்ணீர் அஞ்சலியை வாட்ஸப்பில் இலவசமாக அனுப்பலாம், அனுப்புகிறார்கள். ஆனாலும் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகையில் படத்தோடு போட்டால்தான் குடும்பத்துக்கு மனம் ஆறுகிறது. பேரன் பேத்திவரை எல்லாப் பெயரும் வந்ததா, யார் பெயர் விட்டுப்போனது என்று அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு சண்டையே நடக்கும். மூலப் பத்திரம் தொலைந்தால் நாளிதழில் அறிவிப்புக் கொடு என்கிறார்கள். நிலம் கையகப்படுத்தும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், வங்கிகள் அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டத்தின் விதிகளும் இரண்டு நாளிதழ்களில், அதிலொன்று வட்டார மொழியில், அறிவிக்கச் சொல்கின்றன.

இங்கேதான் அச்சு தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. ஏல அறிவிப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். கடன்காரர் பெயர், சர்வே எண், ‘இதற்கு வடக்கு, அதற்குத் தெற்கு’ என்று நான்கெல்லை, வைப்புத்தொகை, ஏலத் தேதி எல்லாம் ஒரு கட்டத்துக்குள் எறும்பு வரிசையாக அடைத்திருக்கும். வீட்டைப் பறிகொடுக்கப்போகிற அறுபது வயதுக்காரர் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. சட்டப்படி அறிவித்தாயிற்று, அறிந்தவர் யார்? எத்தனை நாளிதழ், எந்த மொழி என்று சொல்லும் அந்த விதி எழுத்தின் அளவைச் சொல்வதில்லை.

செய்ய முடியாத காரியமில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு, குற்ற வழக்குள்ள வேட்பாளர்கள் அதை நாளிதழ்களில் மூன்று முறை வெளியிட வேண்டும். எழுத்து 12 புள்ளிக்குக் குறையக்கூடாது என்று தேர்தல் ஆணையம் வரையறுத்தது. வங்கி அறிவிப்புக்கும் அப்படி ஒரு வரி சேர்த்தால் போதும். இடம் கூடும், செலவு கூடும் என்று வங்கிகள் முணுமுணுக்கலாம். ஆனால் சொத்தை எடுக்கவும் விற்கவும் ஆகும் செலவைக் கடன் வாங்கியவரிடமே வசூலித்துக்கொள்ள அதே சர்பாசி சட்டம் இடம்தருகிறது. தன்னால் படிக்க முடியாத அந்தக் கட்டத்துக்கும் சேர்த்து இன்று அவர்தான் காசு கொடுக்கிறார்.