விண்டர்கிரீன்: சிவப்புப் பழம் காட்டும் கட்டுரைகள்

ஊட்டிக் கடைகளில் இரண்டு பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று நீலகிரித் தைலம், இன்னொன்று விண்டர்கிரீன் ஆயில். வேடிக்கை என்னவென்றால், 'நீலகிரி' என்ற பெயர் வாங்கியிருப்பது 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ். ஆங்கிலப் பெயரில் விற்பதற்குத்தான் நீலகிரியிலேயே ஒரு சொந்தச் செடி இருக்கிறது. அந்தச் செடியின் 'மருத்துவப் பயன்கள்' என்று இணையத்தில் சுற்றும் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே மாதிரி தப்பு செய்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் செடி. கால்தேரியா ஃப்ராக்ரன்டிசிமா. ரோடோடென்ட்ரான் குடும்பம். இமயமலை, வடகிழக்கு மலைகள், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகள், இலங்கை மலைகள் என்று பரவியிருக்கும் பசுமை மாறாப் புதர். சோலைக்காட்டு ஓரங்களில் ஆள் உயரத்துக்கு வளரும். சின்னக் குடம் போல வெள்ளைப் பூ, நீலம் பாய்ந்த பழம். இலையைச் சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கசக்கினால் வலித் தைல வாசனை தூக்கும். காரணம் எளிது. மணப்பொருள் இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலை நசுங்கும்போது நொதி அதை விடுவிக்கிறது. அந்தப் பொருள்தான் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு.

இனி கட்டுரைகளுக்கு வருவோம். நிறைய கட்டுரைகளில் படமாக இருப்பது தரையோடு படர்ந்த, சாண் உயரமில்லாத, சிவப்புப் பழம் கொண்ட செடி. அது வட அமெரிக்காவின் கால்தேரியா புரோகும்பென்ஸ். 'விண்டர்கிரீன்' என்ற பெயரும் அதனுடையதுதான். கால்தேரியா என்ற பேரினப் பெயர்கூட கியூபெக்கில் இருந்த கோல்தியே என்ற மருத்துவரின் நினைவாக வைத்தது. அமெரிக்கப் பூர்வகுடிகள் அந்த இலையைக் கஷாயமாகக் குடித்தார்கள். இங்கே எழுதுகிறவர்கள் அதை அப்படியே எடுத்து, 'நம் முன்னோர் குடித்தார்கள்' என்று நீலகிரிச் செடியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். யாருடைய முன்னோர் என்ற கேள்வியே எழுவதில்லை.

இதைவிடப் பெரிய தப்பு, இலையையும் எண்ணெயையும் ஒன்றாகப் பேசுவது. நூறு கிலோ இலையை வடித்தால் கிடைக்கும் எண்ணெய் சுமாராக ஒரு கிலோ. நேபாள மலைகளில் இதே செடியை 'தசிங்ரே' என்பார்கள். அங்கே காட்டு இலையைப் பறித்து எண்ணெய் வடிப்பது இன்றும் நடக்கும் தொழில். அந்த எண்ணெயை மூட்டுவலிக்கு மேலே தடவுகிறார்கள். தோலில் தடவுவதற்கு வேதியியல் ஆதரவும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கஷாயம் குடித்த மரபு இலையுடையது, பாட்டிலில் இருப்பதோ அதைப் போல நூறு மடங்கு செறிவானது. 'இந்த எண்ணெயில் சில துளி வெந்நீரில் விட்டுக் குடிக்கலாம்' என்று எழுதும்போது, மரபு என்ற பெயரில் மரபில் இல்லாத ஒன்றைச் சொல்கிறோம்.

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். அலகு இல்லாத எண்ணைக் கண்டால் கை தானாக நின்றுவிடும். 'சில துளி' அப்படிப்பட்ட எண். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லி விண்டர்கிரீன் எண்ணெய் ஏறத்தாழ 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 7 கிராம். 325 மில்லிகிராம் மாத்திரையாகச் சொன்னால் இருபத்தொன்று. சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்க அதைவிடக் குறைந்த அளவே போதும். அப்படி மரணங்கள் நடந்திருக்கின்றன. இனிப்பான வாசனை வேறு. குழந்தைக்கு மிட்டாய் மாதிரி இருக்கும். வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள் மேலே தடவினால்கூட, தோல் வழியாக உள்ளே போய் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். இவ்வளவு இருக்க, கட்டுரையின் கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை: 'இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது.'

அந்த 'இயற்கை'யும் பாதிக்கதைதான். விண்டர்கிரீன் எண்ணெயில் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்று பிரெஞ்சு வேதியியலாளர் கஊர் 1840-களிலேயே காட்டிவிட்டார். இன்று சந்தையில் புழங்கும் மெத்தில் சாலிசிலேட்டில் பெரும்பங்கு தொழிற்சாலையில் தயாராவது. மூலக்கூறு இரண்டிலும் ஒன்றே. இலையிலிருந்து வந்தால் சாது, ஆலையிலிருந்து வந்தால் விஷம் என்ற வேறுபாடு உடம்புக்குத் தெரியாது.

மூலிகைக் கட்டுரைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியாக எழுதினால் அவை நல்ல ஆவணங்கள். எந்தச் செடி, எந்த ஊர் மக்கள், எந்தப் பாகம், தடவினார்களா குடித்தார்களா, எவ்வளவு என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால் அது மரபின் பதிவு. இல்லாவிட்டால் பெயர் மட்டும் மரபு. வைத்தியம் தெரிந்த எந்தப் பாட்டியும் அளவு சொல்லாமல் மருந்து கொடுத்ததில்லை.

கட்டுரையை மதிப்பிட நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: படத்தில் பழம் சிவப்பாக இருந்தால் நீலகிரிச் செடியைப் பற்றி எழுதியவர் அதைப் பார்த்ததே இல்லை. மேற்கொண்டு படிக்க வேண்டாம். வீட்டில் பாட்டில் இருந்தால் அதைக் குழந்தை கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.