சுள்ளியும் புல் முடிச்சும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தின் துணைப்பாடப் பகுதியை ‘நான்-டீடெயில்’ என்று சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2019இல் வந்த புத்தகத்தின் அந்தப் பகுதியில் ‘தி ஏஜ்டு மதர்’ என்ற ஜப்பானியக் கதை இருக்கிறது. மட்சுவோ பாஷோ பெயரில் அச்சாகியிருக்கிறது. வயதானவர்கள் யாரும் உயிரோடு இருக்கக் கூடாது என்று அந்தச் சீமையின் அதிபன் ஆணையிடுகிறான். ஏழைக் குடியானவன் ஒருவன் தன் தாயை முதுகில் சுமந்து, மலையுச்சியில் விட்டுவரக் கிளம்புகிறான். பாதை பிரிந்து பிரிந்து போகிறது. முதுகில் இருக்கும் தாய் கைக்கெட்டிய புதர்களில் சுள்ளி ஒடித்து, நாலு எட்டுக்கு ஒரு பிடி கீழே போட்டுக்கொண்டே வருகிறாள். திரும்பும்போது மகன் வழி தப்பிவிடக் கூடாது என்ற கவலை அவளுக்கு.

இந்தக் கதையைச் சென்னையில் நடத்துவது வேறு, ஜவ்வாது மலையில் நடத்துவது வேறு. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒத்தையடிப் பாதை பழகிய பாதை. எந்த இடத்தில் பாதை ஏமாற்றும், மழை பெய்தால் எந்தத் தடம் அழியும், எந்த மரத்தை வைத்துத் திசை பிடிப்பது என்பதெல்லாம் தெரிந்த பிள்ளைகள். கீழிருந்து பஸ் ஏறி வந்த ஆசிரியரைவிட அந்தத் தாயின் கவலை இவர்களுக்கு நன்றாகவே புரியும். இலக்கிய வகுப்பு என்ற கலையில் நான் மிகவும் ரசிப்பது இந்த இடத்தைத்தான். பாடத்துக்குள் பிள்ளை ஆசிரியரைவிட அதிகம் அறிந்த ஓரிடம் எப்படியும் இருக்கும். நல்ல ஆசிரியர் அதைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குவார். இங்கிலீஷ் அதற்குப் பின்னால் வரும்.

பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. கதையைத் தமிழில் சொல்லிவிட்டு, கைடில் இருக்கும் பாராகிராஃபைக் குறித்துக்கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பொதுத்தேர்வு நெருக்கும்போது ஆசிரியரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பாராகிராஃபில் பிள்ளை சொல்ல நினைத்தது ஒன்றுகூட இல்லை. பதினைந்து வயதில் ஒருவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும்போது, அடுத்தவர் எழுதியதை ஒப்பிக்க வைப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

சுள்ளிக்கே வருகிறேன். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் செங்கம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா என்று சொல்லப்படும் ஊர் அது. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு, பரிசில் பெற்று வந்த கூத்தன் வழியில் சந்திக்கும் மற்றொரு கூத்தனுக்கு மலைவழி சொல்லும் பாட்டு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து பாயும், பாம்பு இருக்கும் குழிகளை எப்படித் தாண்டுவது என்று ஒவ்வொன்றாக எச்சரித்துக்கொண்டே போகிறது. பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் கூத்தன் ஒன்று சொல்கிறான்: சரியான வழியைத் துடைத்துச் சீர்செய்து, அங்கே புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக இருக்கும். ஜப்பானியத் தாயின் சுள்ளியும் இந்தப் புல் முடிச்சும் ஒரே வேலையைச் செய்கின்றன. தமிழ் ஆசிரியரும் இங்கிலீஷ் ஆசிரியரும் ஒரே நாளில், ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இதில் தேர்வுக்கும் வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் தாளில் ‘ரோடு மேப்’ கேள்வி ஒன்று வரும். வழி கேட்டு வரும் புதிய ஆளுக்கு, கொடுத்த படத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். நேரே போ, இடப்பக்கம் திரும்பு, பேங்க்குக்கு எதிரே என்று நகரத்துத் தெருக்களை வைத்தே பழக்குகிறார்கள். அதற்குப் பதில் ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்திலிருந்து பீமன் மடவு அருவிக்கு வழி எழுதச் சொல்லலாம். கோமுட்டேரிக்கு எழுதச் சொல்லலாம். ‘வழியில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்’ என்ற மலைபடுகடாத்தின் கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் கட்டளை வாக்கியம், எச்சரிக்கை, இடம் சுட்டும் சொல் எல்லாம் தானாக வந்து விழும். வழுக்கும் பாறைக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று பிள்ளை கேட்கும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவும். தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிய சொல் எளிதில் மறக்காது.

கதையின் பின்பாதி இன்னும் சுவையானது. மகன் தாயை விட்டுவர மனமில்லாமல், அவள் போட்ட சுள்ளி வழியே இறங்கி வந்து வீட்டுக்குள் ஒளித்து வைக்கிறான். அதிபன் அடுத்த ஆணை போடுகிறான்: சாம்பலால் ஒரு கயிறு வேண்டும். ஊரே திகைக்கிறது. தாய் மகனிடம் வழி சொல்கிறாள். வைக்கோலை முறுக்கிக் கயிறாக்கு, தட்டைக் கற்கள்மேல் கிடத்து, காற்றில்லாத இரவில் கொளுத்து.

இதை வகுப்பில் செய்து பார்க்காமல் விடுவது பாவம். வைக்கோல் பிரி திரிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் ஆசிரியர். ஒருவர் வைக்கோலை ஊட்டிக்கொடுக்க, மற்றவர் முறுக்கிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். ஊட்டுகிற கை தாமதித்தால் பிரி மெலியும், அவசரப்பட்டால் முண்டு விழும். இரண்டு முழம் போதும். பள்ளிக்கூடத்துப் பாறைமேல் நீளவாக்கில் கிடத்தி, பக்கத்தில் குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு, காற்று அடங்கிய மாலையில் ஒரு முனையில் தீ வைக்க வேண்டும். காட்டுத்தீ பயம் உள்ள கோடை மாதங்களில் இந்தப் பேச்சே கூடாது. தீ ஓடி முடிந்ததும் எல்லோரும் மூச்சு விடக்கூட யோசிப்பார்கள். முறுக்கு அப்படியே சாம்பலில் நிற்கிறதா? நின்றாலும் எழுத விஷயம் உண்டு, உதிர்ந்தாலும் எழுத விஷயம் உண்டு. ட்விஸ்ட், லே, லைட், பர்ன், ஹோல்டு, கிரம்பிள். ஆறு வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம். இறந்தகாலத்தில் ஆளுக்கு ஆறு வாக்கியம். ‘பியூட்டிஃபுல்’, ‘வொண்டர்ஃபுல்’ இரண்டுக்கும் அன்று தடை. கண்ணால் பார்த்தது மட்டும்தான் தாளில் வரலாம்.

பார்த்ததை மட்டும் எழுதும் இந்தப் பழக்கத்துக்கு மலையிலேயே பெரிய முன்னோடி உண்டு. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. ராமானுஜன் பெயரைத் தாங்கிய குறுங்கோள் 1988இல் அங்கிருந்துதான் கண்டறியப்பட்டது. வானாய்வாளரின் குறிப்பேடு மிக நேர்மையான உரைநடை: நேரம், மேகம், கண்டது, காணாதது. விடுதியில் தங்கும் பிள்ளை படுக்கப் போகுமுன் இப்படி மூன்று வரி இங்கிலீஷில் எழுதினால் போதும். மாதம் முடிவதற்குள் அதன் வாக்கியங்களில் முதுகெலும்பு வந்துவிடும்.

புத்தகத்தின் முதல் உரைநடைப் பாடமான ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’டை எப்போது படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும் கடற்பறவைக் குஞ்சின் கதை. எழுதிய லியாம் ஓ’ஃப்ளாஹெர்ட்டி 1896இல் அயர்லாந்தின் மேற்கே அரான் தீவுகளில் பிறந்தவர். ஐரிஷ் பேசும் தீவுகள் அவை. ஐரிஷிலும் இங்கிலீஷிலும் எழுதியவர். செங்குத்துப் பாறைகளும் அலகில் மீனோடு திரும்பும் பறவைகளும் அவர் ஊர்க் காட்சிகள். ஜவ்வாது மலைப் பிள்ளைகள் கடலைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, விளிம்பைத் தெரியும். இந்தக் கதையை நடத்தும் ஆசிரியரின் கைத்திறம் எங்கே நிறுத்துகிறார் என்பதில் இருக்கிறது. அம்மா மீனைக் கவ்விக்கொண்டு குஞ்சுக்கு நேரே வருகிறது. இதோ, இன்னும் ஒரு முழம். அசையாமல் நடுவானில் நின்றுவிடுகிறது. அங்கே புத்தகத்தை மூடிவிட வேண்டும். மணி அடிக்கட்டும், போகட்டும். அன்று இரவு குஞ்சின் மனதில் ஓடியதை வீட்டுத் தமிழில் எழுதிவரச் சொல்ல வேண்டும். மறுநாள் அதில் ஒரே ஒரு வரியை மட்டும் இங்கிலீஷுக்குக் கொண்டுவரலாம். அம்மாமேல் கோபம், பசி, தம்பி தங்கைகள் முன்னால் அவமானம் என்று ஒவ்வொரு பிள்ளையும் வேறொன்றைப் பிடித்து வரும். முடிவைப் பிறகு வாசித்தால் போதும்.

அதே புத்தகத்தில் உள்ள ‘தி லாஸ்ட் லெசன்’ பற்றி ஒன்றே ஒன்று. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றதும், இனி ஜெர்மன்தான் கற்பிக்கப்பட வேண்டும் என்று அல்சேஸ் பகுதிக்கு ஆணை வருகிறது. பிரெஞ்சு ஆசிரியரின் கடைசி வகுப்பு. அல்போன்ஸ் தோதே உருக்கமாக எழுதியிருக்கிறார். ஆனால் அல்சேஸ் மக்களில் பெரும்பாலோர் அக்காலத்தில் வீட்டில் பேசியது ஜெர்மன் இனத்து வட்டார மொழி. ‘இந்தப் பையன் வீட்டில் என்ன பேசியிருப்பான்?’ என்று கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருந்தால் போதும். வீட்டுப் பேச்சும் பாடப்புத்தகத் தமிழும் தனித்தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எங்கே போய்த் தொடும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கதையை நேசித்துக்கொண்டே அதைக் கேள்வி கேட்கலாம் என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டால் நல்லது.

அதே நான்-டீடெயிலில் ‘தி டெம்பெஸ்ட்’ கதை வடிவில் வருகிறது. இதைக் கூத்தாக நடத்த வேண்டும் என்பது என் ஆசை. மலைக்குக் கீழே, திருவண்ணாமலை மாவட்ட ஊர்களில் கோடையில் பாரதக் கூத்து இன்றும் நடக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்துக் குழு பிரெக்டையும் மார்க்வெஸையும் கூத்தில் ஆடிக்காட்டியிருக்கிறது. ஷேக்ஸ்பியர் மட்டும் என்ன வேற்றாளா? கூத்தில் ஒவ்வொரு பெரிய வேஷமும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்துதான் பிரவேசிக்கும். துரியோதனன், கீசகன், இரணியன் யாரானாலும் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொண்டு வருவார்கள். கட்டியங்காரன் ‘நீங்கள் யாரோ?’ என்று கேட்டு வாயைக் கிளறுவான். அதாவது, கூத்தில் பொல்லாதவனுக்கும் முழுப் பிரவேசம் உண்டு. ‘தி டெம்பெஸ்ட்’டில் வரும் காலிபனுக்கு அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மந்திரவாதி பிராஸ்பரோ வருவதற்கு முன்பே கதை நடக்கும் தீவில் இருந்தவன் அவன். பிறகு அவனுக்கே விறகு சுமப்பவன் ஆனான். இரண்டு பிள்ளைகள் ஒரு போர்வையைப் பிடிக்க, பின்னால் நிற்கும் காலிபன் தான் யார், இது யார் தீவு, தன் வேலை என்ன என்று நாலு வரி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கட்டியங்காரன் தமிழில் குறுக்கே குறுக்கே கேட்கலாம். தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசும் கூச்சம் திரைக்குப் பின்னால் கொஞ்சம் குறையும். வேஷம் போட்டவனைக் கேலி செய்ய மாட்டார்கள், வேஷத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

எழுத்துக்கு இன்னொரு மலைப்பள்ளியிடமிருந்து கடன் வாங்கலாம். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே பார்பியானா என்ற மலையூரில் லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் பள்ளி நடத்தினார். பொதுப்பள்ளி ஃபெயிலாக்கி அனுப்பிய குடியானவப் பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய புத்தகம் 1967இல் வந்தது. தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?’ என்று ஆசிரியர்கள் பலர் படித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் முறை எளிமையானது. தோன்றுவதை எல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுது. சீட்டுகளை மேசையில் பரப்பு. ஒன்றையே சொல்லும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடு. சேர்ந்தவற்றைக் குவியலாக்கு, குவியல்களை வரிசையாக்கு. பிறகு சத்தமாக வாசித்து, இல்லாமல் முடியும் என்றால் அந்தச் சொல்லை வெட்டு.

ஜவ்வாது மலையில் இதற்கான பொருள் தயாராக இருக்கிறது. மலையாளி மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு செய்தி என்று தமிழில் எழுதி வரட்டும். யார் முதலில் வந்தார், ஏன் வந்தார், எந்த வழியாக ஏறினார் என்பதில் ஊருக்கு ஊர் கதை மாறலாம். புதூர்நாட்டுப் பிள்ளையும் மேல்பட்டுப் பிள்ளையும் மேசைமேல் குனிந்துகொண்டு எங்கள் தாத்தா சொன்னதுதான் சரி என்று வாதாடும்போது ஆசிரியர் தீர்ப்பு சொல்லக் கூடாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, சிலர் இப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலர் இப்படிச் சொல்கிறார்கள் என்பதை இங்கிலீஷில் எழுத எப்படி வாக்கியம் அமைப்பது என்று மட்டும் காட்டிக்கொடுத்தால் போதும். சொன்ன ஊரின் பெயரை ஒவ்வொரு சீட்டின் கீழும் எழுதிவிட்டால், அந்த மலையேற்றத்துக்கு எழுதப்பட்ட இங்கிலீஷ் வடிவம் ஒன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே பள்ளி நூலகத்தில் இருக்கும். அடுத்த வருஷத்து வகுப்பு அதையே நான்-டீடெயிலாகப் படிக்கலாம், திருத்தலாம், விடுபட்ட ஊர்களைச் சேர்க்கலாம்.