பக்கத்தின் தலையில் ஒரு வரி

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் உடைய பெருங்காப்பியம். உ.வே.சாமிநாதையர் 1887இல் அதனை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார்.

அண்மையில் கைக்கு வந்த ஒரு மறுபதிப்பில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மேலே ‘சீவக சிந்தாமணி’ என்றே இருக்கிறது. அதைத்தான் அட்டையிலேயே பார்த்தாச்சே! கடைப் பேரேட்டில் பக்கந்தோறும் கடைப் பெயரை எழுதி, பற்றுக்காரர் பெயரை விட்டுவிட்டால் கணக்கை எப்படித் தேடுவது?

இது தேடும் வசதி மட்டுமன்று. சீவகனின் 8 மணங்களால் இதனை மணநூல் என்பர். சமண நூலில் இத்தனை காதலா என்று கேட்பாரும் உளர். இலம்பகப் பெயர் தலைப்பில் ஓடினால் விடை கண்முன் நிற்கும்: நாமகளில் தொடங்கி, மணங்களையும் மண்மகளையும் பூமகளையும் கடந்து, முத்தியில் முடிகிறது.

கணினியில் இது பெரிய வேலையன்று. வேர்டில் இலம்பகந்தோறும் ‘செக்சன் பிரேக்’ இட்டு, ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்பதை எடுத்துவிட வேண்டும். மறந்தால், கடைசியில் அடித்த ‘முத்தி’ பின்னோக்கி எல்லாப் பக்கத்திலும் ஏறிவிடும். வீடு அவ்வளவு சுலபமாகக் கிட்டாது! இடப்பக்கம் நூற்பெயர், வலப்பக்கம் இலம்பகம், அடியில் தொடர்ச்சியான பக்க எண், இவ்வளவே.

திருவனந்தபுரத்தில் மலையாளம் படித்து, வீட்டில் தமிழை எழுத்துக் கூட்டும் நம் பிள்ளைகள் நூலை நடுவில்தான் திறப்பார்கள். எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல அந்த ஒரு வரிதான் உண்டு. பதிப்பிப்போர் மனம் வைக்க வேண்டும்.