காகிதம் சொல்லும் சாட்சி

தரம் பிரிப்பதுதான் விமர்சனத்தின் முதல் காரியம் என்ற கொள்கை எனக்கு உண்டு. அதற்காக இந்தச் சிறு வட்டத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்தக் கொள்கையை உண்மையில் அசைத்துப் பார்த்த வாதம் எந்த இலக்கியவாதியிடமிருந்தும் வரவில்லை. ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் இருக்கும் கொலோன் நகரத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தது.

காப்பகத்தைப் புனிதப்படுத்துகிறவர்கள் அது எதற்காகத் தோன்றியது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1396-ல் கொலோனின் தொழிலாளர், வணிகர் சங்கங்கள் பழைய பிரபுக் குடும்பங்களைத் தள்ளிவிட்டு நகர ஆட்சியைக் கைப்பற்றின. பத்தாண்டு கழித்து, 1406-ல், நகரசபை ஒரு கோபுரம் எழுப்பத் தீர்மானித்தது. நகரத்தின் உரிமைப் பத்திரங்களுக்கு அதில் ஒரு காவல் அறை. பண்பாட்டு ஆர்வம் அல்ல காரணம். வழக்கு வந்தால் எடுத்துக் காட்டக் காகிதம் வேண்டும். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது விளக்காமலே விளங்கும். அடமானப் பத்திரத்தை யாரும் அழகுக்காக இரும்பு அறையில் வைப்பதில்லை.

வழக்குக்காகச் சேர்த்தது வழக்கைத் தாண்டி வளர்ந்தது. கையிருப்பில் மிகப் பழைய பத்திரம் 922-ஆம் ஆண்டுடையது. பத்திரங்கள் மட்டும் சுமார் 65,000. வீடு மனை கைமாறியதைப் பதிந்த ஏடுகள் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து. இடைக்கால ஞானி ஆல்பெர்டஸ் மாக்னஸ் தன் கைப்பட எழுதிய பிரதிகள். இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் தாள்கள். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் நகரத்தின் மீது 262 விமானத் தாக்குதல்கள் நடந்தன. முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்ததால் சேகரம் தப்பியது. 1971-ல் செவெரின் தெருவில் புதுக் கட்டிடம் கிடைத்தது. 2009 மார்ச் 3 அன்று, பட்டப்பகலில், அந்தக் கட்டிடம் சரிந்தது. ஊழியர்களும் வாசகர்களும் வெளியே ஓடித் தப்பினார்கள். பக்கத்து வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.

ஒரு நகரத்தின் ஞாபகமே சரிந்தது என்று இதை எழுதிவிடுவது சுலபம். எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு இந்த உருவகத்தில் சம்மதமில்லை. சரிந்தது ஞாபகம் அல்ல, கட்டிடம். நிலத்தடி ரயில் நிலையத்துக்காகத் தோண்டிய குழியின் சுவரில் இருந்த குறை வழியே நீரும் மணலும் உள்ளே பாய்ந்தன. மேலே நின்ற கட்டிடத்தின் அடிநிலம் போயிற்று. உருவகம் இங்கே செய்கிற வேலை, பொறுப்பாளியை மறைப்பது. விதி என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நடந்ததுதான் என் கொள்கைக்கு இடைஞ்சல். இடிபாட்டையும் நிலத்தடி நீரையும் துழாவி, 2011-க்குள் சேகரத்தில் சுமார் 95 சதவீதத்தை மீட்டார்கள். நனைந்ததை உறையவைத்து உலர்த்தினார்கள். ஆல்பெர்டஸின் கையெழுத்தா, யாரோ ஒரு வியாபாரியின் வரி ரசீதா என்று பார்த்துப் பொறுக்கவில்லை. கைக்கு வந்ததெல்லாம் எடுக்கப்பட்டது. 2021-ல் வேறிடத்தில் புதுக் கட்டிடம் திறந்தாயிற்று. கிழிசல்களைச் சேர்க்கும் வேலை இன்னும் பல பத்தாண்டுகள் நீளும்.

காப்பகத்திலும் கழித்துக்கட்டுவது உண்டே என்று கேட்கலாம். உண்டு. அலுவலகங்கள் உற்பத்தி செய்யும் காகிதத்தையெல்லாம் எந்தக் காப்பகமும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அங்கே கேள்வி ‘இது நன்றாக இருக்கிறதா’ என்பதல்ல, ‘இது எதற்குச் சாட்சி’ என்பது. இந்த வித்தியாசத்தை ஹெர்மன் வைன்ஸ்பெர்க் விஷயத்தில் பார்க்கலாம். 1518-ல் பிறந்து 1597-ல் இறந்த கொலோன்காரர். வக்கீல், நகரசபை உறுப்பினர். தன் வாழ்க்கையைத் தானே இளமை, முதுமை, தள்ளாமை என்று மூன்று பாகமாக எழுதி வைத்தார். வீடு, உடை, சாப்பாடு, வியாதி, தெருச் சண்டை ஒன்றையும் விடவில்லை. குடும்பத்தில் பின்னால் வரும் தலைவர்கள் மட்டும் படிக்கட்டும் என்று எழுதியது. குடும்பம் பூசலில் கலைந்தது; ஏடுகள் நகரசபையின் வசம் போய் 19-ஆம் நூற்றாண்டு வரை கிடந்தன. 1597-ல் என்னிடம் கொடுத்திருந்தால், கலைப் பிரக்ஞை இல்லாத வளவள எழுத்து என்று தள்ளியிருப்பேன். என் தீர்ப்பு தப்பாகவும் இருந்திருக்காது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டு நகரவாசி ஒருவன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு இவ்வளவு ஸ்தூலமான சாட்சி வேறு அபூர்வம்.

காப்பகம் கட்சிக்கு இத்தனை விட்டுக்கொடுத்த பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னவர் இதே ஊர்க்காரர் ஹைன்ரிஷ் ப்யோல். அவருடைய தாள்களின் ஒரு பெரும்பகுதியை இந்தக் காப்பகம் வாங்கியது சரிவுக்குச் சில வாரங்கள் முன்புதான். அவருடைய ‘பெண்மணியுடன் ஒரு குழுப்படம்’ 1971-ல் வந்தது. லெனி என்ற பெண்ணின் வாழ்க்கையை, சாட்சிகளையும் கடிதங்களையும் கணக்குகளையும் தேடி ஒருவன் தொகுக்கிறான். நாவல் முழுவதுமே ஒரு கோப்பு.

அதில் லெனியின் தகப்பன் யுத்த காலத்தில் போலிக் கம்பெனி நடத்துகிறான். கூலிப் பட்டியலில் இல்லாத ரஷ்யத் தொழிலாளிகள். பெயர்கள் ரஷ்ய இலக்கியத்திலிருந்து. பட்டியலைச் சரிபார்க்கும் இடத்தில் ரஷ்ய இலக்கியம் கற்ற ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ரஸ்கால்னிகோவ் சிமெண்ட் சுமப்பதைப் பார்த்ததும் கொதித்துப்போகிறான். மோசடி வெளிப்படுகிறது, தகப்பன் சிறைக்குப் போகிறான். பட்டியலைப் படித்தவன் ஆயுள் முழுக்கக் குற்ற உணர்வோடு திரிகிறான். அவன் வாசிப்பு சரியானது. யாருக்காக வாசித்தான் என்பதுதான் கேள்வி.

லெனி காதலித்த போரிஸ் நிஜமான ரஷ்யன், யுத்தக் கைதி. யுத்தம் முடியும்போது பாதுகாப்புக்காக ஒரு ஜெர்மன் சிப்பாயின் அடையாளப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். காகிதம் சொன்னதை நம்பி அவனை ஜெர்மானியனாகப் பிடிக்கிறார்கள், சுரங்கத்தில் சாகிறான். இல்லாத ரஷ்யர்கள் காகிதத்தில் கூலி வாங்க, இருந்த ரஷ்யன் காகிதத்தால் செத்தான். இந்த இரண்டையும் எதிரெதிரே ப்யோல் வைத்திருப்பது தற்செயல் அல்ல.

போரிஸ் வேலைக்கு வந்த முதல் நாள் லெனி அவனுக்குக் காபி கொடுக்கிறாள். நாஜி ஒருவன் கோப்பையைத் தட்டிவிடுகிறான். அவள் அதை எடுத்து, நிதானமாகக் கழுவி, மறுபடி ஊற்றிக் கொடுக்கிறாள். எந்த அலுவலகமும் இதைப் பதிவு செய்யாது. பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு. சொன்னதை ஒருவன் கேட்டு எழுதினால்தான் உண்டு.

ஆகவே தரம் பிரிப்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் அது நான் படிப்பதற்கான உரிமையே தவிர, எறிவதற்கான உரிமை அல்ல. என் தீர்ப்பை நாளைக்கு ஒருவன் மாற்றி எழுத வேண்டுமானால், நான் நிராகரித்தது அவன் கைக்குக் கிடைக்க வேண்டும். அவனுக்கும் ஒன்று சொல்லலாம்: கோப்பில் எல்லாம் இருக்கிறது என்று நம்பிவிடாதே, கோப்பையைப் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று முதலில் விசாரி.